பரோடா மன்னரும் புத்தகப் பெட்டியும்

சித்திரை வெயில் முற்றியதும் பள்ளிக்கூடங்கள் அடைபடுகின்றன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம், உபாத்தியாயர்களுக்கு ஓய்வு. ஆயினும் ஆனி பிறந்து மறுபடியும் பள்ளி திறக்கும்பொழுது உபாத்தியாயர் காணும் காட்சி மகிழ்ச்சி தருவதன்று. பங்குனியில் தங்கு தடையின்றி வாசித்த சிறுவன், இரண்டு மாதம் புத்தகத்தைத் தொடாதிருந்த காரணத்தால், எழுத்துக் கூட்டி நிற்கிறான். இந்த நஷ்டத்தைத் தடுப்பதற்காகவே ஐக்கிய அமெரிக்காவில் கிளீவ்லாந்து, பிட்ஸ்பர்க் முதலிய நகரங்களின் பொது நூல்நிலையங்கள் 1890-க்குப் பிற்பட்ட ஆண்டுகளில் கோடை வாசிப்பு என்ற ஏற்பாட்டைத் தொடங்கின. விடுமுறையில் பிள்ளைகளை நூல்நிலையத்துக்கு அழைப்பது, அவர்கள் வயதுக்கேற்ற புத்தகங்களின் ஜாபிதாவைக் கையில் கொடுப்பது, அவர்கள் வாராவிடில் அவர்கள் விளையாடும் இடத்துக்கே புத்தகங்களை அனுப்புவது என்று அந்த முயற்சி வளர்ந்தது. சிறுவருக்கென்று தோன்றிய ஏற்பாடு நாளடைவில் பெற்றோரையும் முதியோரையும் அணைத்துக் கொண்டது.

இரண்டு மாத விடுமுறைக்கே இந்தப் பாடென்றால், ஆயுள் முழுவதும் விடுமுறையாகிவிட்டவர்களின் கதி என்ன? பத்து அல்லது பன்னிரண்டு வயதில் பள்ளியை விட்டு ஏரோட்டவும் மாடு மேய்க்கவும் போய்விடுகிற கிராமத்துச் சிறுவனுக்கு அதன் பிறகு புத்தகத்தின் முகமே காணக் கிடைப்பதில்லை. ஐந்து வருஷம் அரும்பாடுபட்டுக் கற்ற எழுத்து அடுத்த ஐந்து வருஷத்தில் அழிந்து போகிறது. இந்தக் கேள்வியை நம் தேசத்தில் முதன்முதலாகச் சர்க்கார் அளவில் எழுப்பி, அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்கி விடை தேடியவர் ஒரு சுதேச மன்னர். பரோடாவை 1875 முதல் 1939 வரை ஆண்ட மூன்றாவது ஸயாஜி ராவ் கெய்க்வாரே அவர். அவருடைய தேசபக்தியைப் பற்றியும், 1911-ம் ஆண்டு டில்லி தர்பாரில் நடந்த சம்பவத்தைப் பற்றியும் நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்கிறோம். அவர் கிராமங்களுக்கு அனுப்பிய புத்தகப் பெட்டிகளைப் பற்றி அறிந்தவர்கள் அத்தனை பேர் இல்லை.

ஸயாஜி ராவ் அரண்மனையில் பிறந்தவரல்லர். நாசிக்குக்கு அருகில் கவ்லானா என்னும் கிராமத்தில், கெய்க்வார் வம்சத்தின் ஒரு தூரத்துக் கிளையைச் சேர்ந்த காசி ராவ் என்பவரின் மகனாக, 1863-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 11-ந் தேதி பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் கோபால் ராவ். குடும்பம் உழுதுண்டு வாழ்ந்த குடும்பம். அரசுரிமை தம் வீட்டு வாசலுக்கு வருமென்று அவர்கள் கனவிலும் எண்ணியிருக்க நியாயமில்லை. அப்பொழுது பரோடாவை ஆண்டுவந்த மல்ஹர் ராவ், பிரிட்டிஷ் ரெஸிடெண்டாகிய கர்னல் பேயருக்கு நஞ்சு வைக்க முயன்றார் என்ற குற்றச்சாட்டின்மேல் விசாரிக்கப்பட்டார். விசாரணைக் குழுவில் இருந்த இந்திய அங்கத்தினர் அவரைக் குற்றவாளி என்று கொள்ளவில்லை. ஆயினும் துர்ப்பரிபாலனம் என்று காரணம் காட்டி 1875-ம் ஆண்டு அவரைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கினார்கள். முந்திய மன்னர் காண்டே ராவின் விதவையாகிய ஜம்னாபாய் மகாராணிக்குச் சுவீகாரம் எடுத்துக்கொள்ளும் உரிமை தரப்பட்டது. கவ்லானாவிலிருந்து மூன்று சிறுவர்களைக் கொண்டுவந்து மகாராணியின் முன் நிறுத்தினார்கள். எதற்காக இங்கே வந்தீர்கள் என்று கேட்டபொழுது, மற்ற இருவரும் தயங்க, கோபால் மட்டும் ஆள்வதற்கு வந்திருக்கிறேன் என்று சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, அந்த ஆண்டு மே மாதம் 27-ந் தேதி சுவீகாரம் நடைபெற்றது. கோபால் ராவ் ஸயாஜி ராவ் ஆனார்.

அப்பொழுது அவருக்கு வயது பன்னிரண்டு. எழுத்தறிவு ஏறக்குறைய இல்லை. இதை நேயர்கள் மனத்தில் இருத்த வேண்டும். மற்ற ராஜகுமாரர்கள் மழலைப் பருவத்திலேயே உபாத்தியாயர்களால் சூழப்பட்டு, கல்வியைச் சோறு தண்ணீர்போல் இயல்பாகப் பெற்று வளர்ந்தவர்கள். அது இல்லாமல் இருப்பது எப்படி என்று அவர்களுக்குத் தெரியாது. ஸயாஜி ராவுக்குத் தெரியும். எழுத்தறியாமல் பன்னிரண்டு வருஷம் கிராமத்தில் இருந்துவிட்டு, அதன் பிறகு எலியட் என்ற ஆங்கில ஆசிரியரிடம் மராத்தி, குஜராத்தி, உருது, ஆங்கிலம் ஆகிய நான்கு பாஷைகளையும் ஒருங்கே கற்கத் தொடங்கிய சிறுவர் அவர். நாள் முழுவதும் பாடம். ஆரம்பத்தில் மந்தமாக இருந்தபோதிலும் விடாப்பிடியாக உழைத்தார். புத்தகத்தில் பிடிப்பு ஏற்பட்ட பிறகு அது கடைசிவரை தளரவில்லை. பிரயாணத்திலும் நோயிலும்கூட யாரேனும் ஒருவர் அவருக்குப் படித்துக் காட்டிக்கொண்டே இருப்பது வழக்கமாயிற்று.

மன்னர் மைனராயிருந்த காலத்தில் ராஜ்யத்தை நடத்தியவர் நம் கும்பகோணத்தில் பிறந்த ஸர் டி. மாதவ ராவ். திருவாங்கூரிலும் இந்தூரிலும் திவானாயிருந்து பெயர் பெற்ற அவர், சீர்குலைந்து கிடந்த பரோடாவின் வரவு செலவை நேர்படுத்தி, நீதி ஸ்தலங்களையும் கல்வி இலாகாவையும் ஒழுங்கு செய்து, இளம் மன்னருக்கு ராஜ்ய பரிபாலனத்தைப் பற்றிய பிரசங்கங்களும் செய்தார். தஞ்சைச் சீமையோடு இன்னொரு பந்தமும் உண்டு. 1880-ம் ஆண்டு ஸயாஜி ராவ் மணந்த முதல் மனைவி, தஞ்சையிலிருந்து வந்த லட்சுமிபாய். புக்ககத்தில் சிம்னாபாய் என்று பெயர் பெற்றார். அவரோடு கூடத் தஞ்சாவூர்ச் சதிர்க் கோஷ்டி ஒன்றும் பரோடாவுக்குப் போய் அங்கேயே தங்கியது. அந்த அம்மையார் 1885-ல் இளவயதிலேயே காலமானார். பிறகு மணந்த இரண்டாவது சிம்னாபாய், 1927-ல் கூடிய அகில இந்திய மாதர் மகாநாட்டின் முதல் தலைவராக விளங்கியவர்.

1881-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ந் தேதி ஸயாஜி ராவ் முழு அதிகாரத்தையும் ஏற்றார். அடுத்த பத்து ஆண்டுகளில் அவர் செய்தவற்றை எல்லாம் இங்கே விரிக்கப் புகுந்தால் இடம் போதாது. தீண்டாதார் என்று ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகளுக்கென்று பள்ளிகள் திறந்தார். அவற்றில் கற்பிக்க மேல்ஜாதி உபாத்தியாயர்கள் முன்வராமையால் முஸ்லிம் ஆசிரியர்களை அமர்த்த நேர்ந்தது. 1893-ல் அம்ரேலி தாலூகாவில் ஒரு பரீட்சையைத் தொடங்கினார். அந்த ஊரிலும் சுற்றியுள்ள சில கிராமங்களிலும் ஆண் பெண் குழந்தைகள் அனைவரும் பள்ளிக்கு வந்தே தீரவேண்டும், கட்டணம் கிடையாது, அனுப்பாத பெற்றோருக்கு அபராதம் என்று உத்தரவிட்டார். இந்தியாவில் கட்டாயக் கல்வி நடவாத காரியம், ஜனங்கள் ஏற்கமாட்டார்கள், பணம் கிடையாது என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் ஓயாமல் ஓதிக்கொண்டிருந்த காலம் அது. பதின்மூன்று வருஷம் பரீட்சித்துப் பார்த்துவிட்டு, 1906-ல் சமஸ்தானம் முழுவதற்கும் அதை விஸ்தரித்தார். ஆண்களுக்கு ஏழு முதல் பன்னிரண்டு வயது வரையிலும், பெண்களுக்கு ஏழு முதல் பத்து வயது வரையிலும் கல்வி கட்டாயமாயிற்று.

கோபாலகிருஷ்ண கோகலே 1911-ம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ராஜப் பிரதிநிதியின் சட்டசபையில் ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபொழுது, அவர் சுட்டிக்காட்டிய சுதேச உதாரணம் பரோடாதான். மறு ஆண்டு மார்ச்சு மாதத்தில் மசோதா ஓட்டுக்கு விடப்பட்டது. சாதகமாகப் பதின்மூன்று பேர். பாதகமாக முப்பத்தெட்டுப் பேர். முப்பது கோடிப் பிரஜைகளை ஆண்ட சாம்ராஜ்யம் முடியாதென்று கைவிட்டதை, இருபது லட்சம் பிரஜைகளை உடைய ஒரு சமஸ்தானம் ஏற்கெனவே செய்து கொண்டிருந்தது.

ஆயினும் கட்டாயக் கல்வி தன்னளவில் போதுமானதாக இல்லை என்பதைப் பரோடா அதிகாரிகளே முதலில் கண்டார்கள். சட்டத்துக்கு அஞ்சிப் பெற்றோர் பிள்ளைகளை அனுப்பினார்கள். பிள்ளைகளும் நாலாவது ஐந்தாவது வகுப்பு வரை வாசித்தார்கள். அத்துடன் சரி. பள்ளியைவிட்ட சிறுவன் வீட்டில் ஒரு புத்தகம் இல்லை, தெருவில் இல்லை, ஊரில் இல்லை. சில வருஷங்களுக்குப் பின் அவனைக் கையெழுத்துப் போடச் சொன்னால் பெருவிரலை நீட்டினான். சர்க்கார் செலவழித்த பணமும், ஏழைத் தகப்பன் இழந்த கூலியும், பையன் பட்ட பிரம்படியும் வீண். இதைக் கண்ட வேறு மன்னர்கள் கல்விச் செலவைக் குறைக்க இதுவே சாக்கு என்று எண்ணியிருக்கக்கூடும். பள்ளிக்கூடம் பாதி வேலைதான் செய்கிறது, மீதிப் பாதி வேறொரு நிலையத்தால் ஆகவேண்டும் என்று ஸயாஜி ராவ் முடிவு செய்தார்.

அந்த நிலையத்தை அவர் கண்ணாரக் கண்டது அமெரிக்காவில். 1906-ம் ஆண்டு மகாராணியுடன் அந்நாட்டில் சுற்றுப்பிரயாணம் செய்தபொழுது ஊருக்கு ஊர் திறந்து வைக்கப்பட்டிருந்த இலவச நூல்நிலையங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. தொழிலாளி வேலை முடிந்து சட்டைத் தூசியோடு உள்ளே வருகிறான். சிறுவர்களுக்கென்று குட்டை நாற்காலிகள் போட்ட தனி அறை இருக்கிறது. பெண்கள் தனியே வந்து புத்தகம் எடுத்துப் போகிறார்கள். யாரும் யாரையும் யார் நீ என்று கேட்பதில்லை. ராஜாக்கள் அந்நிய தேசம் போனால் குதிரையும் மோட்டாரும் வாங்கி வருவது வழக்கம். இவர் நான்கு வருஷம் பொறுத்து ஒரு நூல்நிலைய நிபுணரையே வரவழைத்தார். கனெக்டிகட் மாகாணத்து நியூஹேவன் நகரில் ஒரு நூல்நிலையத்தின் தலைவராயிருந்த வில்லியம் ஆலன்ஸன் பார்டன் 1910-ம் ஆண்டின் இறுதியில் பரோடா வந்து சேர்ந்தார். புத்தகங்களை வகைப்படுத்தும் கலையில் பெயர் பெற்ற கட்டர் என்பவரிடம் பாஸ்டன் நகரில் பழகியவர் அவர். பரோடாவில் அவர் இருந்தது மூன்று வருஷத்துக்கும் குறைவு. அதற்குள் செய்த வேலை மலைக்கத் தக்கது.

முதலாவதாக, நூல்நிலையங்களுக்கென்று தனியாக ஓர் இலாகா ஏற்பட்டது. போலீஸ், ரெவினியூ, மராமத்து இலாகாக்களைப்போல நூல்நிலைய இலாகா! இந்தியாவில் அதற்கு முன் எங்கும் இல்லாத புதுமை. தலைநகரில் மத்திய நூல்நிலையம் தொடங்கியபொழுது, அரண்மனையில் தம் சொந்த உபயோகத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த சுமார் இருபதினாயிரம் புத்தகங்களை மன்னர் அதற்கு வழங்கினார். பிற்காலத்தில் அந்நூல்நிலையத்துக்கு இரும்பு அடுக்குகளும், வெளிச்சம் ஊடுருவும் கண்ணாடித் தளங்களும் அமைந்தன. தளத்துக்கும் கண்ணாடியா என்று வியந்து பார்க்க வந்தவர்களும் உண்டு. 1911-ல் பார்டன் நூல்நிலையப் பயிற்சி வகுப்பு ஒன்றைத் தொடங்கினார். நூல்களைக் காப்பதும் கொடுப்பதும் பயிற்சி வேண்டிய தொழில் என்பதை நம் நாட்டில் முதலில் ஒப்புக்கொண்டது அந்த வகுப்புத்தான். 1912 முதல் ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி ஆகிய மூன்று பாஷைகளிலும் விஷயங்கள் தாங்கிய நூல்நிலையப் பத்திரிகை ஒன்றும் வெளிவந்தது.

மத்திய நூல்நிலையத்தில் யாருக்கு இடம் என்பதே நமக்கு முக்கியமான கேள்வி. பண்டிதர்களுக்கு ஸம்ஸ்கிருத ஏட்டுச் சுவடிகள் இருந்தன. பின்னாளில் அவற்றிலிருந்து கெய்க்வார் கீழ்த்திசை நூல் வரிசை என்ற புகழ்பெற்ற பிரசுரங்கள் வெளிவந்தன. பத்திரிகை படிக்க வருவோருக்கு ஒரு கூடம். குழந்தைகளுக்குத் தனி அறை; அதில் படப் புத்தகங்களோடு விளையாட்டுச் சாமான்களும் வைக்கப்பட்டன. புத்தகத்தை நாடி வராத குழந்தை விளையாட்டை நாடி வரும், வந்தபின் புத்தகம் கண்ணில் படும் என்பது உத்தேசம். பெண்களுக்கென்று தனி நூல்நிலையம். இவ்வளவும் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. தெரியாதவர்களுக்கு? அவர்களையும் இலாகா விட்டுவிடவில்லை. மாய விளக்கும் ஸினிமாக் கருவியும் ஏந்திய ஆட்கள் கிராமம் கிராமமாகப் போய், இரவில் வெள்ளைத் துணி கட்டி, சுகாதாரம், விவசாயம், பிற தேசங்களின் காட்சிகள் முதலியவற்றை இலவசமாகக் காட்டினார்கள். எழுத்தறியாக் கிழவரும் நூல்நிலையத்தின் அங்கத்தினரே என்று கொள்வதற்கு எவ்வளவு விசாலமான மனம் வேண்டும்! வயது, பால், படிப்பு என்ற வேலிகளை இன்றைய கோடை வாசிப்பு இயக்கங்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி வருகின்றன. பரோடா இலாகா பிறக்கும்பொழுதே அந்த வேலிகளை நடவில்லை.

கிராமங்களுக்கான ஏற்பாடே இந்தத் திட்டத்தின் உயிர். மன்னர் கஜானாவைத் திறந்து எல்லா ஊர்களுக்கும் நூல்நிலையம் கட்டித் தந்துவிடவில்லை. அப்படித் தந்திருந்தால் ஊரார் அதைச் சர்க்கார் கட்டிடம் என்று எண்ணித் திண்ணையில் ஆடு கட்டியிருப்பார்கள். ஒரு கிராமத்தார் தமக்குள் வசூலித்து ஒரு பங்கு தொகை சேர்த்தால், ஜில்லாப் பஞ்சாயத்து ஒரு பங்கும் சர்க்கார் ஒரு பங்கும் கொடுக்கும். கிராமத்துக்கு வருஷம் நூறு ரூபாய் வரையிலும், தாலூகா ஊருக்கு முந்நூறு வரையிலும், ஜில்லாத் தலைநகருக்கு எழுநூறு வரையிலும் இவ்வாறு ஈடுசெய்து கொடுப்பதென்று விதி. கட்டிடம் வேண்டுமானால் அதற்கும் இதே முக்கூட்டுக் கணக்கு. ஊரார் முதல் அடி எடுத்து வைத்தாலன்றிச் சர்க்கார் அடி எடுத்து வைக்காது. இதனால் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. பட்டேல் ஊக்கமுள்ளவராயிருந்த ஊர் முன்னேறியது. கடனும் பஞ்சமும் வாட்டிய ஊரில் அந்த முதல் அடியை எடுத்து வைக்க ஆளில்லை.

அப்படிப்பட்ட ஊர்களுக்காகவே பெட்டிகள் புறப்பட்டன. பலமான மரப்பெட்டி, உள்ளே தேர்ந்தெடுத்த புத்தகங்கள், பூட்டு, கூடவே ஒரு ஜாபிதா. நூல்நிலையம் இல்லாத ஊரில் நம்பிக்கையான ஒருவர், பெரும்பாலும் பள்ளி உபாத்தியாயர், எழுதிக் கேட்டால் போதும், பெட்டி வரும். ரயில் கூலி இலாகாவைச் சேர்ந்தது. சில மாதம் வைத்திருந்து ஊரார் படித்தபின் திருப்பி அனுப்பினால் வேறு புத்தகங்கள் நிறைந்த வேறு பெட்டி வரும். பரோடா ராஜ்யம் ஒரே துண்டாக அமைந்ததன்று. குஜராத்திலும் கத்தியவாரிலுமாகப் பிற சமஸ்தானங்களுக்கும் பிரிட்டிஷ் ஜில்லாக்களுக்கும் இடையே சிதறிக் கிடந்தது. ஓகா முனையில் இருந்த மீனவர் கிராமத்துக்கும் தலைநகருக்கும் இடையே எத்தனையோ எல்லைகள். பெட்டி அவற்றையெல்லாம் கடந்து போயிற்று.

இந்தப் புகழ் முழுவதையும் மன்னருக்கும் அமெரிக்கருக்குமே கொடுத்துவிடுவது நியாயமாகாது. பார்டன் வருவதற்கு முன்பே, 1906-ல், மோதிபாய் அமீன் என்னும் பள்ளி உபாத்தியாயர், மித்திர மண்டலங்கள் என்ற பெயரால் கிராமங்களில் சிறு வாசகசாலைகளைத் தோற்றுவித்து வந்தார். நண்பர்கள் சிலர் கூடிச் சந்தா போட்டுப் பத்திரிகைகளும் புத்தகங்களும் வாங்கி எல்லோரும் படிப்பது. இவ்வளவுதான் அதன் அமைப்பு. இலாகா ஏற்பட்டபொழுது இவருடைய வாசகசாலைகள் அதற்கு வித்தாக அமைந்தன. பிற்பாடு இவரும் இலாகாவில் சேர்ந்து உழைத்தார். பார்டன் 1913-ல் ஊர் திரும்பியபின் குடால்கர், அவருக்குப் பிறகு நியூட்டன் மோகன் தத்தர் ஆகியோர் அந்தப் பொறுப்பை வகித்தார்கள். அவர்கள் காலத்தில் இயக்கம் ஓயாமல் வளர்ந்தது. மன்னரின் கடைசி ஆண்டுகளில் கிராம நூல்நிலையங்களின் தொகை ஆயிரத்தைத் தாண்டியிருந்தது.

இனி மன்னரின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். அவர் பிரஜைகளுக்கு அறிவைத் தாராளமாக வழங்கினார். அதிகாரத்தை அவ்வளவு தாராளமாக வழங்கவில்லை. 1908-ல் தாரா சபை என்ற பெயரால் ஒரு சட்டசபையை ஏற்படுத்தினாரேயன்றி, அதற்கு ஆலோசனை சொல்லும் உரிமைக்கு மிஞ்சி அதிகம் கொடுக்கவில்லை. தேக அசௌக்கியத்தை முன்னிட்டு வருஷத்தில் பல மாதங்கள் ஐரோப்பாவிலேயே கழித்தார். 1890-ல் கட்டி முடிக்கப்பட்ட லட்சுமி விலாஸ் அரண்மனையைப் பார்த்தவர்கள், அதன் செலவில் எத்தனை ஆயிரம் புத்தகப் பெட்டிகள் அனுப்பியிருக்கலாம் என்று கணக்கிடாமல் இருக்க முடியாது. கட்டாயக் கல்வி அபராதத்தைச் செலுத்தியவர்களும் பெரும்பாலும் ஏழைகளே.

பிரிட்டிஷ் சர்க்காரோ வேறு காரணங்களுக்காக அவர்மேல் சந்தேகம் கொண்டிருந்தது. 1893 முதல் 1906 வரை அவருடைய உத்தியோகத்திலும் பரோடாக் கல்லூரியிலும் இருந்தவர், பின்னர் புதுச்சேரியில் வந்து வாழ்ந்த அரவிந்தர். காங்கிரஸ் தலைவராயிருந்த ரமேச சந்திர தத்தரைத் தம் மந்திரியாகவும் திவானாகவும் ஆக்கிக்கொண்டார். இவ்வளவும் சேர்ந்திருந்த நிலையில்தான் 1911-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ந் தேதி டில்லி தர்பார் கூடியது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னருக்கு முன் ஸயாஜி ராவ் விசேஷ ஆபரணங்களின்றி வந்து, ஒரே ஒரு முறை தலை வணங்கி, பின்னடி வைத்து விலகும் முறையைக் கைக்கொள்ளாமல் முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். ஆங்கிலப் பத்திரிகைகள் ராஜத்துரோகம் என்று கூச்சலிட்டன. அவர் ராஜப் பிரதிநிதிக்கு மன்னிப்புக் கடிதம் எழுத நேர்ந்தது. வேண்டுமென்றே செய்தாரா, முறை தெரியாமல் தடுமாறினாரா என்ற விவாதம் அன்று முதல் நடந்துவருகிறது. நம் அபிப்பிராயம், ஒரு நிமிஷத்து நடையைப் பற்றிய அந்த விவாதம் முப்பது வருஷத்து வேலையை மறைத்துவிட்டது என்பதே. முதுகைத் திருப்பிய மன்னரை யாவரும் அறிவார்கள். அதே ஆண்டில் நூல்நிலையப் பயிற்சி வகுப்பைத் திறந்த மன்னரை யார் நினைக்கிறார்கள்?

பரோடாவின் அறிவுத் தொண்டு எதுவரை சென்றது, எங்கே நின்றது என்பதற்கு அம்பேத்கரின் சரித்திரத்தைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. பம்பாயில் படித்துக்கொண்டிருந்த அந்த ஏழை மாணாக்கருக்கு மன்னர் மாதம் இருபத்தைந்து ரூபாய் உதவித்தொகை தந்தார். 1913-ல் அமெரிக்காவுக்கு அனுப்பி, கொலம்பியா சர்வகலாசாலையில் மூன்று வருஷம் படிக்கவைத்தார். நியூயார்க் நகரத்து நூல்நிலையங்களிலும் பழைய புத்தகக் கடைகளிலும் அம்பேத்கர் பசியோடு படித்ததும் வாங்கியதும் பிரசித்தம். 1917-ல் அவர் தாயகம் திரும்பியபொழுது, தனிக் கப்பலில் அனுப்பிய புத்தகங்களில் பெரும்பகுதி யுத்தத்தில் கடலுக்கு இரையாயின. ஒப்பந்தப்படி பரோடா சர்க்காரில் உத்தியோகம் ஏற்க வந்தார். அந்த நகரில் அவருக்குக் குடியிருக்க ஒரு வீடு கிடைக்கவில்லை. பார்ஸி விடுதி ஒன்றில் பெயரை மறைத்துத் தங்க, விஷயம் வெளிப்பட்டவுடன் தடியேந்திய கூட்டம் வந்து அவரை வெளியேற்றியது. கச்சேரியில் சேவகர்கள் அவர் மேஜைமேல் காகிதக் கட்டுகளைத் தூர நின்று எறிந்தார்கள். சில நாட்களிலேயே அவர் பரோடாவை விட்டுப் புறப்பட்டார். யாவருக்கும் திறந்த நூல்நிலையம் இருந்த அதே ஊர் அது. மன்னரின் உத்தரவு அதன் கதவைத் திறந்தது. பக்கத்து வீட்டுக் கதவைத் திறக்க அந்த உத்தரவுக்குச் சக்தி இல்லை.

இன்னொரு குறையும் உண்டு. பரோடாவில் நூல்நிலையங்கள் மன்னரின் உத்தரவாலும் மானியத்தாலும் நடந்தனவேயன்றி, பிரஜைகளின் உரிமையாகச் சட்டத்தில் எழுதப்படவில்லை. அந்த அடுத்த படியை நம் மாகாணம் எடுத்து வைத்தது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் நூலகரானார். மன்னார்குடிப் பக்கத்தில் 1931-ல் மாட்டு வண்டி நூல்நிலையம் கிராமங்களைச் சுற்றி வரலாயிற்று. அவரும் சென்னை நூல்நிலையச் சங்கத்தாரும் வருஷக்கணக்காக வாதாடியதன் பயனாக, 1948-ல் சென்னைப் பொது நூல்நிலையச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியில் ரூபாய்க்கு ஆறு பை வீதம் நூல்நிலைய வரி என்று அது விதித்தது. பரோடாவில் ஊக்கமுள்ள கிராமம் மனமுவந்து போட்ட பங்கைச் சென்னையில் வீட்டுக்காரர் ஒவ்வொருவரும் சட்டப்படி செலுத்தலானார். மன்னர் மாறினால் மாறக்கூடிய மானியமாக அது இருக்கவில்லை.

ஸயாஜி ராவ் அதைக் காண உயிரோடில்லை. 1936-ம் ஆண்டு அவருடைய ஆட்சியின் அறுபதாம் ஆண்டு நிறைவு விழா கொண்டாடப்பட்டபொழுது, கிராம அபிவிருத்திக்கென்று ஒரு கோடி ரூபாய் ஒதுக்கினார். பம்பாயில் 1939-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 6-ந் தேதி, எழுபத்தைந்து வயது கடந்து காலமானார். பத்து ஆண்டுகளுக்குப்பின், 1949 மே மாதத்தில், பரோடா ராஜ்யம் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. எழுதப் படிக்கத் தெரியாமல் கவ்லானாவிலிருந்து அழைத்து வரப்பட்ட சிறுவரின் பெயரை, அதே ஆண்டில் அந்நகரில் தோன்றிய சர்வகலாசாலைக்குச் சூட்டினார்கள்.